அரசாங்கத்தின் ஞாபகம்

அரசாங்கம் என்பது ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பு. வரி வாங்கினால் எழுதுகிறது. வழக்குத் தீர்த்தால் எழுதுகிறது. ஒருவனைப் படையில் சேர்த்தாலும், பின்னாளில் அவனுக்கு ஓய்வூதியம் கொடுத்தாலும், ஓர் அணையைக் கட்ட முடிவு செய்தாலும், வேண்டாம் என்று கைவிட்டாலும் எழுதுகிறது. எழுதிய அனைத்தையும் வைத்துக்கொள்ள எந்த அரசாலும் இயலாது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது, வைத்துக்கொண்டதை எவ்வாறு காப்பது என்ற கேள்விகளுக்கு விடை காண்பதே ஆவணக் காப்பகத்தின் தொழில். கேள்விகள் பழையன. ஆனால் எழுத்து காகிதத்தை விட்டுக் கணினிக்குள் குடிபுகுந்த பின்னர், பழைய விடைகள் செல்லுபடியாகவில்லை. அந்த மாற்றத்தை எதிர்கொள்வதில் ஒரு பெரிய நாடு எவ்வளவு காலம் தடுமாறிற்று என்பதை மாணவ நண்பர்களுக்கு இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். அந்நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். கணினியை அரசாங்க வேலைக்கு முதலில் பூட்டிய நாடுகளுள் அது ஒன்று என்பதோடு, தான் பட்ட இடர்களையும் சந்தித்த வழக்குகளையும் எவரும் படிக்குமாறு வெளியிட்டும் வைத்திருக்கிறது. வரலாறு படிப்பவனுக்கு அது பெரிய வசதி.

முதலில் காகிதத்தின் கதையைப் பார்த்துவிடுவோம். 1890-ஆம் ஆண்டு அந்நாட்டில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். ஹெர்மன் ஹாலரித் என்பவர் அமைத்த துளை அட்டை இயந்திரங்களால் கூட்டப்பட்ட முதற்கணக்கு அது. 6 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களை அன்று எண்ணினர். எண்ணி முடித்த தாள்கள் பின்னர் வாஷிங்டன் நகரில் வணிகத்துறைக் கட்டடத்தின் நிலவறையில் கிடந்தன. 1921 ஜனவரி 10 அன்று மாலை அங்கே தீப்பற்றியது. நெருப்பு தின்றது ஏறக்குறையக் கால் பங்கு; புகையிலும், தீயணைக்கப் பாய்ச்சிய நீரிலும் கெட்டது பாதி. மிஞ்சியவற்றை என்ன செய்வது என்று பன்னிரண்டு ஆண்டுகள் யோசித்துவிட்டு, 1933 பிப்ரவரி 21 அன்று அவற்றை அழித்துவிடக் காங்கிரஸ் சபை இசைவு கொடுத்தது. அதற்கு முந்திய நாள்தான் குடியரசுத் தலைவர் ஹூவர் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார்! ஒரு கையால் கோயிலுக்குக் கல் நாட்டி, மறுகையால் விக்கிரகத்தை உடைத்த செயலாக இது எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கணக்கில் இன்று பெயர் காணக்கூடியவர்கள் 6,000 பேருக்குச் சற்று மேல், அவ்வளவே.

1934 ஜூன் 19 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் பிறந்தது. ஆனால் காப்பகம் ஒன்று அமைந்த மாத்திரத்தில் நெருப்பு பயந்து ஓடிவிடுவதில்லை. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே, படைவீரர்களின் பணிக்கோப்புகளைச் சேர்த்துவைத்திருந்த மாளிகையின் ஆறாவது மாடியில் தீ மூண்டது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது போயின. அவற்றுக்கு மறுபடி இல்லை. நுண்படச் சுருளும் இல்லை. இரண்டு உலகப் போர்களில் குண்டடி பட்டு மீண்டவன், தான் போர்முனையில் இருந்தேன் என்பதற்குச் சான்று தேடி அலைய நேர்ந்தது. சம்பளப் பட்டியல் போன்ற வேறு துறை ஏடுகளைத் துருவி, ஒவ்வொருவருடைய வரலாற்றையும் ஊழியர்கள் துண்டு துண்டாக மீண்டும் ஒட்டவைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவனாதலால் இந்த அலைச்சலின் சிறிய உருவத்தை நானும் கண்டிருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒரு தடித்த புத்தகம் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒருவர், வயதுச் சான்று வேண்டும் என்று வந்து நிற்பார். அவருடைய பிறந்த தேதியை அறிந்த ஒரே சாட்சி அந்தப் புத்தகமாகவே இருக்கும். ஒரு வரி மையெழுத்தின்மேல் ஒரு முதியவரின் மாதச் சோறு நிற்பதை நேரில் பார்த்தவர்கள், ஆவணம் என்பது வரலாற்றாசிரியர்களின் ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள்.

அந்தப் பதிவேட்டை யாரும் சீராட்டி வளர்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அலமாரியில் வைத்தார்கள், பூட்டினார்கள், மறந்தார்கள். கறையானும் நீரும் நெருப்பும் அணுகாதிருந்தால் நல்ல காகிதம் நூறு ஆண்டுகளுக்கு மேலும் தானாகவே இருக்கும். எடுத்துப் பிரித்தால் கண் ஒன்றே போதும், படித்துவிடலாம். காகிதம் சோம்பேறிக்கும் துணை நிற்கும் பொருள். கணினியில் பதிந்த எழுத்தோ அத்தகையதன்று. காந்த நாடாவின்மேல் பூசிய பூச்சு நாளடைவில் உதிர்கிறது. பூச்சு உதிராமல் இருந்தாலும், அந்த நாடாவை ஓட்டும் இயந்திரத்தைச் செய்வதை நிறுத்திவிடுகிறார்கள். இயந்திரம் அகப்பட்டாலும், அதிலுள்ள குறிகளை எழுத்தாக மாற்றும் மென்பொருள் வழக்கொழிந்து போகிறது. இம்மூன்றில் எது தவறினாலும் ஆவணம் ஊமையாகிவிடும். மறந்துவிடுவதால் காகிதம் பிழைத்தது. மறந்துவிடுவதால் மின்பதிவு இறக்கிறது. நான் சொல்லவந்த செய்தியின் மையம் இதுதான்.

சட்டம் இயற்றியவர்கள் இதை முன்கூட்டி அறிந்திருந்தார்களா? சொல்லளவில் அறிந்திருந்தார்கள் என்றே சொல்லலாம். 1943-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய ஆவணக் கழிவுச் சட்டம், எந்தப் பொருளில், எந்த வடிவில் இருந்தாலும் அரசாங்க அலுவலில் உண்டானது ஆவணமே என்று வரையறுத்துவிட்டது. 1950-இல் வந்த கூட்டரசு ஆவணச் சட்டமும் அந்தப் பரந்த நோக்கையே பின்பற்றியது. அதற்கு அடுத்த ஆண்டே, 1951-இல், யுனிவாக் என்னும் கணினியை மக்கள்தொகைக் கணக்கு அலுவலகம் பெற்றுக்கொண்டது. சட்டத்தின் சொல் இயந்திரத்துக்கு முன்னே சென்றுவிட்டது. அலுவலகங்களின் பழக்கம் மட்டும் பல ஆண்டுகள் பின்னே நின்றது.

1960-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கைப் பற்றி ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. அதன் நாடாக்களைப் படிக்கத்தக்க இயந்திரங்கள் உலகில் இரண்டே மிஞ்சின, அவற்றில் ஒன்று பொருட்காட்சிச் சாலையில் இருந்தது, ஆகவே அந்தக் கணக்கு முழுதும் போய்விட்டது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும் கதை, ஆனால் உண்மையன்று. 1970-களின் நடுவில், நிலையாகக் காக்கத்தக்க சில நாடாத் தொகுதிகள் பழைய யுனிவாக் இயந்திரத்துக்கே உரிய வடிவில் இருந்ததைக் காப்பகத்தார் கண்டார்கள். அத்தகைய நாடா ஓட்டிகள் அப்போதே அரிதாகிவிட்டன. எனினும் கணக்கு அலுவலகத்தார் முயன்று, 1979-க்குள் மிகச் சிறிய பகுதி நீங்கலாக எல்லாவற்றையும் புதிய நாடாக்களுக்குப் பெயர்த்து எழுதிவிட்டார்கள். வீடு வீடாக எடுத்த விவரங்களோ நுண்படச் சுருளில் தனியே பத்திரமாக இருந்தன. நடந்தது இழப்பன்று, இழப்பு கதவைத் தட்டிவிட்டுப் போனது. பதினைந்து ஆண்டுகளே ஆன ஒரு பதிவு இந்த நிலைக்கு வந்துவிட்டதே என்பதுதான் அறிந்தவர்களைத் திடுக்கிடச் செய்தது.

பெயர்த்து எழுதுதல் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. பனையோலைச் சுவடி செல்லரித்துச் சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்தவர்களால்தான் பழைய நூல்கள் நம் கைக்கு வந்தன. படியெடுக்க ஆளில்லாத நூல்கள் மறைந்தன. மின்பதிவும் ஓலையின் இனத்தைச் சேர்ந்ததுதான். ஓலைக்கு நூற்றாண்டுக் கணக்கில் தவணை உண்டு. நாடாவுக்கும் வட்டுக்கும் சில ஆண்டுகளே தவணை.

படியெடுப்பதில் மேலும் இரண்டு தொல்லைகள் உள்ளன. படி மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்பது முதல் தொல்லை. மதிப்பெண் பட்டியலின் அடியில் ஆசிரியர் கூட்டுத்தொகையை எழுதிவைப்பதுபோல, ஒவ்வொரு கோப்பிலும் உள்ள குறிகள் அனைத்தையும் கணக்கிட்டு ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணினி எழுதிவைக்கிறது. கூட்டுத்தொகையில் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளக்கூடும். இந்த எண்ணோ ஒரு புள்ளி இடம் மாறினாலும் வேறாகிவிடும்படி அமைந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கணக்கிட்டு இரண்டு எண்களும் ஒத்தால், கோப்பு மாறவில்லை என்று அறியலாம். இரண்டாவது தொல்லை, பதிவைச் சூழ்ந்துள்ள விவரம். எழுதியவர் யார், பெற்றவர் யார், எந்த நாள், எந்த மணி, எந்தக் கோப்பைச் சேர்ந்தது? காகிதக் கடிதத்தில் இவை தலைப்பிலும் முத்திரையிலும் தெரியும். கணினியிலோ அவை எழுத்தோடு சேராமல் வேறிடத்தில் கிடக்கலாம். இது ஏதோ தொழில்நுட்பச் சிறுமை என்று எண்ணவேண்டா. அமெரிக்காவில் இதன்மேல் ஒரு பெரிய வழக்கே நடந்தது.

1980-களில் வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்புக் குழுவினர், ஐ.பி.எம். நிறுவனம் செய்த ப்ராஃப்ஸ் என்னும் மின்னஞ்சல் முறையைப் பயன்படுத்தினர். ஈரானுக்கு மறைவாக ஆயுதம் விற்று, கிடைத்த பணத்தின் ஒரு பகுதியை நிகராகுவாவில் அரசை எதிர்த்துப் போரிட்டவர்களுக்குத் திருப்பிவிட்ட செயல் 1986 நவம்பரில் அம்பலமாயிற்று. அந்த நாட்களில் பாதுகாப்பு ஆலோசகர் பாயின்டெக்ஸ்டரும் அவருடைய உதவியாளர் ஆலிவர் நார்த்தும் தங்கள் செய்திகளைக் கணினியிலிருந்து நீக்கினர். பாயின்டெக்ஸ்டர் நீக்கியவை மட்டும் 5,000-க்கு மேல். ஆனால் அழித்தவர்கள் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. கணினி பழுதுபட்டால் உதவட்டும் என்று அவ்வப்போது காப்புப் படி எடுத்துவைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. அந்த நாடாக்களிலிருந்து செய்திகள் மீண்டு வந்தன. விசாரணைக் குழுவின் கையில் முதன்மைச் சான்றுகள் ஆயின. ஆவணம் காப்பதற்காக எடுத்த படிகள் அல்ல அவை. இயந்திரப் பழுதுக்காக எடுத்தவை. சில காலம் கழித்து அழித்துவிட்டு, அதே நாடாவில் மீண்டும் பதிவது வழக்கம். நாட்டின் உண்மை அந்தத் தற்செயலில் தொங்கியது.

இரண்டு ஆண்டுகள் சென்றன. ரீகனின் பதவிக்காலம் 1989 ஜனவரி 20 அன்று முடியவிருந்தது. போகும்போது ப்ராஃப்ஸ் நாடாக்களை அழித்துவிட்டுப் போவார்கள் என்ற செய்தி வெளிப்பட்டது. நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ் என்று ஓர் ஆய்வு நிறுவனம் உண்டு. பெயரைக் கேட்டு அரசாங்கத் துறை என்று மயங்கவேண்டா, அது தனியார் நிறுவனம். அதுவும் பத்திரிகையாளர் ஸ்காட் ஆம்ஸ்ட்ராங்கும் மற்றும் சிலரும் சேர்ந்து, பதவிக்காலத்தின் கடைசி முழுநாளான ஜனவரி 19 அன்று நீதிமன்றம் சென்றனர். அன்று மாலையே அழிக்கக்கூடாது என்று இடைக்காலத் தடை கிடைத்தது. ஒரு நாள் தவறியிருந்தால் வழக்குக்கே பொருள் இருந்திராது.

அரசு சொன்ன மறுமொழி எளிமையானது. முக்கியமானவற்றை அச்செடுத்துக் கோப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறோம். கணினியில் இருப்பது அதன் நகலே. நகலை அழிப்பதில் குற்றம் என்ன? இந்த வாதத்தை மேலெழுந்தவாரியாகக் கேட்டால் நியாயமாகவே தோன்றும். ஆனால் திரையில் தெரிவதை அச்செடுத்த தாளில், யார் யாருக்கு அச்செய்தி சென்றது, எந்த நேரத்தில் சென்றது, பெற்றவர் அதைப் பார்த்தாரா என்பவை பல சமயங்களில் இல்லை. ஒரு திட்டத்தைப் பற்றி அமைச்சருக்குத் தெரியுமா, தெரியாதா என்பதே கேள்வியாக இருக்கும்போது, பெற்றவர் பெயர் இல்லாத கடிதம் எதற்கு உதவும்? 1993 ஜனவரியில் நீதிபதி ரிச்சியும், அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டன. மின்பதிவே ஆவணம், அச்சுத்தாள் அதற்கு ஈடாகாது என்பது தீர்ப்பின் சாரம். இடையில் குடியரசுத் தலைவர்கள் மூவர் மாறினர், கட்சியும் மாறியது. அரசாங்கத் தரப்பில் எதிர்வாதம் மட்டும் நிற்கவில்லை. ஆட்சியில் அமர்ந்தவர்களுக்குத் தங்கள் எழுத்து தங்களுக்கே சாட்சியாவதில் விருப்பம் இருப்பதில்லை. எந்தக் கட்சிக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம்.

அதே 1993-இல் இந்திய நாடாளுமன்றம் பொது ஆவணச் சட்டத்தை இயற்றியபோது, கணினி வழியே உண்டான பொருளையும் பொது ஆவணம் என்று வெளிப்படையாகவே எழுதிச் சேர்த்தது. சட்ட மாணவர்கள் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கலாம்.

அமெரிக்கத் தீர்ப்புக்குப் பின் 1995-இல் மின்னஞ்சலுக்கு விதிகள் வந்தன. ஆயினும் அச்செடுத்துக் கோப்பில் சேர்க்கும் பழக்கத்தை அலுவலகங்கள் எளிதில் விடவில்லை. தேசிய ஆவணக் காப்பகம் மின்பதிவுகளுக்கென ஒரு பெரும் அமைப்பைக் கட்ட 2005-இல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. செலவு ஏறியது, காலம் நீண்டது, தணிக்கையாளர்கள் குறை கூறினர். 2011-இல் கட்டுமானத்தை அந்த அளவோடு நிறுத்தினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று குடியரசுத் தலைவர் ஒபாமா, அரசாங்க ஆவண முறையைச் சீர்திருத்துமாறு எல்லாத் துறைகளுக்கும் குறிப்பாணை விடுத்தார். அதன்படி 2012 ஆகஸ்டில் வந்த ஆணை இரண்டு கெடுக்களை வைத்தது. 2016 முடிவுக்குள் மின்னஞ்சல்களை மின் வடிவிலேயே பேணவேண்டும். 2019 முடிவுக்குள் நிலையான மின்பதிவுகள் அனைத்தையும் அவ்வாறே பேணவேண்டும்.

இந்தச் சீர்திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 2013-இல் வந்த கேப்ஸ்டோன் என்னும் முறை. அதுவரை எந்த மின்னஞ்சல் ஆவணம், எது வீண் பேச்சு என்பதை எழுதியவரே ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யவேண்டியிருந்தது. நாளொன்றுக்கு நூறு கடிதம் எழுதும் அதிகாரிக்கு அது நடவாத காரியம். மறைக்க ஏதேனும் உள்ள அதிகாரிக்கோ அது வசதியான காரியம். கேப்ஸ்டோன் முறையில் கடிதத்தைப் பார்ப்பதில்லை, பதவியைப் பார்க்கிறார்கள். துறைத் தலைவர், துணைத் தலைவர் போன்ற உயர்ந்த பொறுப்பில் இருப்பவரின் மின்னஞ்சல்கள் நிலையானவை. ஏனையோருடையவை பெரும்பாலும் ஏழு ஆண்டுகள், அல்லது அதிலும் குறைந்த காலம். இதில் பயனற்ற கடிதங்களும் ஏராளமாகச் சேரும்; மதிய உணவுக்கு அழைத்த கடிதமும் சேரும். சேரட்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை, தேர்வில் சொந்த நலன் உள்ளவரின் கையிலிருந்து போய்விட்டது அல்லவா? ஒரு குறையும் உண்டு. பெரிய உண்மைகள் சில சமயம் கீழ்நிலை எழுத்தரின் குறிப்பில் இருக்கும். ஏழு ஆண்டில் அழியும் அஞ்சலுக்குள் அத்தகைய குறிப்பு எத்தனை போகும் என்பதை எந்த விதியாலும் அளக்க முடியாது.

2014 நவம்பரில் சட்டமே திருத்தப்பட்டது. அதிகாரி ஒருவர் தம் சொந்த மின்னஞ்சல் கணக்கிலிருந்து அரசாங்க அலுவல் குறித்து எழுதினால், இருபது நாட்களுக்குள் அதன் படி அலுவலகக் கணக்குக்கு வந்து சேரவேண்டும் என்று விதித்தார்கள். 2019 ஜூனில் மற்றோர் ஆணை பிறந்தது. 2022 முடிவுக்குப் பின் காப்பகம் காகித ஆவணங்களை ஏற்காது, மின் வடிவில்தான் அனுப்பவேண்டும் என்றது. துறைகள் மூச்சு வாங்கின. நோய்த்தொற்றுக் காலத்தில் அலுவலகங்களும் பூட்டிக் கிடந்தன. கெடு 2024 ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டது. காகிதத்தை ஒளிப்பிரதி எடுத்து மூலத்தைக் கழிப்பதானால், படம் எவ்வளவு தெளிவாக இருக்கவேண்டும், என்னென்ன விவரங்களைச் சேர்க்கவேண்டும் என்பதற்கு 2023-இல் தனியே விதிகள் வகுத்தார்கள். கெடு கடந்தபின் இப்பொழுது, விலக்குப் பெற்றவை நீங்கலாக, அந்தக் காப்பகத்தின் வாயிலில் மின்பதிவுகளே நுழைகின்றன.

அங்கே நிலையாக நிற்கும் தகுதி பெறுபவை, அரசாங்கம் உண்டாக்கும் ஆவணங்களில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான் என்று காப்பகத்தார் சொல்கிறார்கள். மிகுதியைக் காலக்கெடுப்படி கழிக்கிறார்கள். முன்பு கிடங்கில் இடம் இல்லாமையே கழிப்பதற்குத் தூண்டுகோலாக இருந்தது. இன்று இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வைத்திருக்கும் ஒவ்வொன்றையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படியெடுத்து, சரிபார்த்து, புதிய வடிவுக்கு மாற்றவேண்டுமாகையால், ஆளும் பணமும் ஆண்டுதோறும் தேவைப்படுகின்றன. வரவுசெலவுத் திட்டத்தில் ஓராண்டு வெட்டினாலும் காகிதம் பொறுத்துக்கொள்ளும். மின்பதிவு நெடுநாள் பொறுக்காது. சீர்திருத்த ஆணைகளில் கெடுக்கள் விளக்கமாக இருக்கின்றன. அந்தக் கெடுவுக்குள் முடிக்கப் போதிய பணம் வரவில்லை என்ற முறையீட்டையும் துறைகளின் பக்கத்திலிருந்து கேட்கிறோம்.

அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கின் தனிப்பட்ட விவரங்களை 72 ஆண்டுகள் மறைவாக வைத்திருந்து, பிறகு எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். 1950-ஆம் ஆண்டின் கணக்கு 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டு, அன்றே இணையத்தில் எவரும் படிக்கும்படி வந்தது. அடுத்து 2032 ஏப்ரலில் 1960-ஆம் ஆண்டின் கணக்கு திறக்கப்பட வேண்டும். யுனிவாக் நாடாக்களில் இருந்தவை கூட்டிய தொகைகளும், பெயர் நீக்கிய விவரங்களுமே. பாட்டன் பாட்டியின் பெயரைத் தேடி அன்று வருபவர்களுக்குக் காட்டப்போவது, அக்காலத்தில் எடுத்துவைத்த நுண்படச் சுருளிலிருந்து பெயர்த்த படங்களைத்தான்.